பொட்டு வைத்த மூன்றாவது டப்பா

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர்களுக்கு நம்பர் கொடுக்கும் வேலையைத் தாம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். எங்கேயோ வெளியூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்து நம்பர் வர ஏற்பாடு பண்ணியிருக்கிறார்களாம். சிஸ்டம்ஸ் பிரிவுப் பிள்ளைகள் போன் பண்ணி, இதெல்லாம் வருவதற்கு முன்னால் நீங்கள்தான் நம்பர் கொடுத்தீர்களாமே, ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அவசரமில்லை என்றார்கள். எனக்கும் அவசரமில்லை. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன அவசரம் இருக்கப் போகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இன்ஜினியர் இல்லை. பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள். ஆனால் ஆறு வருஷம், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மறைமலை நகர் என்று நாலு ஊரில் எந்த மெஷினுக்கு எந்த நம்பர் என்று சொன்னது நான். நான் சொல்லாமல் ஒரு மெஷின் இன்னொரு மெஷினோடு பேசியதில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

நம்பர் பழக்கம் எனக்கு லேபில் வந்ததில்லை. அதற்கு முன்னால் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் பாதி டோக்கன், ஆள் கையில் பாதி. மாதக்கணக்குக்காரர்களுக்கு நிலையான இடம், தினமும் வந்து போகிறவர்களுக்கு எது காலியோ அது. வண்டி வெளியே போனால் அந்த நம்பர் அடுத்தவருக்கு. ஸ்டாண்டு இருந்த இடத்தை இடித்தபோது, அங்கே தினமும் ஸ்கூட்டர் விடும் வரதன் சார்தான், எங்கள் லேபுக்கு ஆள் வேண்டும் வருகிறீர்களா என்று கேட்டார். போனேன். நாலு வருஷம் பெருக்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தரை சுத்தமாக இருந்தது.

வரதன் சார் சிஸ்டம்ஸ் பிரிவின் பொறுப்பாளர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுவார். நாட்காட்டியில் கிழித்த தாளை எறியமாட்டார், அதன் முதுகில்தான் எல்லாம் எழுதுவார். ஓடாமல் நிற்கும் மெஷின் பக்கத்தில் குனிந்து, "என்னப்பா, என்ன பண்ணுது?" என்று விசாரிப்பார். மனுஷர்களிடம் அவ்வளவு கனிவு கிடையாது. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். நிஜமாகவே கோபமாக இருந்தால் என்ன திட்டுகிறார் என்று கேட்க நாம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கையில் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். இனிமேல் நம்பர் நோட்டு உங்கள் பொறுப்பு என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே சார் என்றேன். அதனால்தான் கொடுக்கிறேன் என்றார். படித்தவர்களிடம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு யோசனை பண்ணுவார்களாம், நான் சொன்னதைச் செய்வேனாம். இது பாராட்டா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாராட்டு என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

நம்பரில் நாலு துண்டு இருக்கும், நடுவில் மூன்று புள்ளி. முதல் இரண்டு துண்டு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு. அது எல்லாருக்கும் ஒன்றுதான், நம்ம ஊர் பேர் மாதிரி. மூன்றாவது துண்டு தெரு. தாம்பரம் ஒன்று, குரோம்பேட்டை இரண்டு, பல்லாவரம் மூன்று, மறைமலை நகர் நாலு. கடைசித் துண்டு வீடு. ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாம் நம்பர் வாசல் டப்பாவுக்கு, அதாவது அந்தக் கிளையைத் தாம்பரத்தோடு சேர்க்கிற டப்பாவுக்கு. பத்திலிருந்து கம்ப்யூட்டர். இருநூறிலிருந்து பிரிண்டரும் ரத்தம் பார்க்கும் மெஷினும்.

புது மெஷின் வந்தால் கிளையிலிருந்து போன் வரும். நான் நோட்டைப் பார்த்து நம்பர் சொல்வேன், அவர்கள் அடிப்பார்கள், திருப்பிச் சொல்வார்கள், நான் டிக் போடுவேன். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது, ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியில் நம்பரை எழுதி மெஷின் நெற்றியில் ஒட்டிவிட்டு வருவேன். பழைய மெஷின் போனால் அதன் வரியைக் குறுக்கே அடிக்க வேண்டும். இதில் வரதன் சார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான், முதலில் அடி, அப்புறம் எழுது. அடிக்காமல் புதியதை எழுதினால், போனது ஒன்று காகிதத்தில் உயிரோடு இருக்கும் என்பார்.

நம்பர் என்றால் என்ன என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் கிளையில் இரண்டு மெஷின் மாறி மாறிச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன. சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு நான் போய்ச் சேர்ந்தால், இரண்டுக்கும் ஒரே நம்பர். பில் போடும் தம்பி நிதானமாகச் சொன்னான்: "அந்த மெஷின் நல்லா ஓடுதுக்கா. அதான் அதோட நம்பரையே இதுக்கும் போட்டேன்." அவனை என்ன சொல்வது. ராசியான நம்பர் என்று வண்டிக்கு வாங்குகிற ஊர்தானே இது.

அப்புறம் ஒரு நாள் வரதன் சார், இனிமேல் மெஷினே கேட்டு வாங்கிக்கொள்ளும் என்றார். தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டரை நம்பர் கொடுக்க உட்கார வைத்துவிட்டார். நாட்காட்டித் தாளின் முதுகில் படம் போட்டு எனக்கு விளக்கினார். மெஷின் கண் விழித்ததும் தெருவில் நின்று, எனக்கு யார் நம்பர் கொடுப்பீர்கள் என்று கத்துமாம். அந்தக் கத்தல் அந்தத் தெருக்கோடி வரைக்கும்தான் கேட்கும், மறைமலை நகரில் கத்தினால் தாம்பரத்துக்குக் கேட்காது. அதற்காக வாசல் டப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். கத்தல் காதில் விழுந்தால் அதைத் தாம்பரத்துக்கு எடுத்துப் போ, எந்தத் தெருவில் கேட்டது என்பதையும் சொல். தாம்பரத்துக் கம்ப்யூட்டர் அந்தத் தெருவுக்கென்று வைத்த நம்பர்க் கட்டிலிருந்து ஒரு நம்பரை எடுத்து அதே டப்பா வழியாக அனுப்பிவைக்கும். ஒரு நாளைக்குத்தான். ஒரு நாள் ஆகியும் மெஷின் திரும்பக் கேட்கவில்லை என்றால் நம்பரைப் பிடுங்கித் திரும்பக் கட்டோடு சேர்த்துவிடும்.

வண்டி ஸ்டாண்டு மாதிரி என்றேன். சந்தோஷப்பட்டார். நான் படவில்லை. நான் போன் எடுத்து, நம்பர் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்டு, டிக் போட ஐந்து நிமிஷம் ஆகும். அது கண் சிமிட்டும் நேரத்தில் கொடுத்துவிடுகிறது, டீயும் கேட்பதில்லை. இருந்தாலும் பிரிண்டர், ரத்த மெஷின், டப்பாக்கள் இதெல்லாம் நிலையானவை, இந்தப் பக்கங்கள் மட்டும் உங்களிடமே இருக்கட்டும் என்றார். நாலு ஊரை ஆண்டவளுக்கு நாலு பக்கம். கோபத்தில் ஒரு மாதம் நோட்டைத் தொடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை, அது இன்னும் கோபம்.

அந்த ஒரு மாதத்தில்தான் மறைமலை நகருக்குப் புது வாசல் டப்பா வந்தது. அதற்கு முன்னால் அங்கே வீடுகளில் வைக்கிற சின்ன வைஃபை டப்பா ஒன்று இருந்தது, அதைக் கழற்றி, அதில் நாங்கள் போட்டு வைத்ததையெல்லாம் அழித்து, அலமாரியில் போட்டார்கள். நான் கோபம் தீர்ந்து நோட்டை எடுத்தபோது புது டப்பாவை எழுதினேன். பழையதை அடித்தேனா என்றால், அடித்த மாதிரிதான் ஞாபகம்.

மறைமலை நகர் கிளைக்குப் பொறுப்பு எஸ்தர். முப்பத்தைந்து வயது இருக்கும், கூடுவாஞ்சேரிப் பக்கம் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். காலை ஆறரைக்கு அவள்தான் ஷட்டரைத் தூக்குவாள். எல்லா வேலையும் அவள் செய்தாலும் இரண்டு வருஷமாக ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். அந்த வருஷம் ஆயுதபூஜை வந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரம் என்று கடிதம் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. கடிதம் ரீஜனல் மேனேஜர் கௌதம் சார் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் எஸ்தர் இன்னும் இத்தனை நாள் இருக்கு அக்கா என்று சொல்லித்தான் வைப்பாள்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் கிளைகளில் பூஜையை முதல் நாள் மத்தியானமே போட்டுவிடுவார்கள். எல்லா மெஷினையும் அணைத்து, ஒயரை உருவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் திரும்ப ஓட விட வேண்டும். இதில் மறைமலை நகர்க்காரர்கள் கொஞ்சம் அதிகம். ஓடுகிறதற்கு மட்டுமல்ல, ஒரு காலத்தில் ஓடியதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்பார்கள். உழைத்த பொருளை விட்டுவிட்டால் அதன் மனம் நோகுமாம். அதனால் உடைந்த ஸ்டேப்ளர், சுற்றாத ஃபேன், அலமாரியில் கிடந்த பழைய டப்பா எல்லாம் இறங்கி வந்து வரிசையில் உட்கார்ந்து பொட்டு வாங்கிக்கொண்டன. எஸ்தர் மாதா கோவிலுக்குப் போகிறவள், ஆனாலும் பொரி கலப்பதிலிருந்து மாலை கட்டுவது வரைக்கும் அவள் கைதான்.

விஜயதசமி காலை ஆறரைக்கு நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எஸ்தர் போன். எல்லா ஒயரையும் பழையபடி குத்திக்கொண்டிருக்கிறாள். "அக்கா, இங்க டப்பா எத்தனை குத்தணும்? மூணு டப்பால பொட்டு இருக்குது." நோட்டு ஆபீசில் இருந்தது. ஆனால் எனக்கு எதற்கு நோட்டு. அந்தப் பக்கம் கண் முன்னால் நின்றது. வாசல் டப்பா, ஒயர்களைச் சேர்க்கும் டப்பா, வைஃபை டப்பா. மூணு வரி.

"மூணுதான். மூணையும் குத்து" என்றேன். அரிசியை உலையில் போட்டேன்.

நான் ஆபீஸ் போய்ச் சேரும்போது எட்டு மணி. கௌதம் சார் லீவு நாளில் வந்திருந்தார், முகம் சரியில்லை. மறைமலை நகரில் ஒரு கம்ப்யூட்டரும் தாம்பரத்தோடு பேசவில்லை. அன்றைக்குப் பார்த்து, உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி தன் ஆட்களை உடம்பு செக்கப்புக்கு அனுப்பியிருந்தது. லீவு நாளில் வைத்தால் கம்பெனி வேலை கெடாதே. முப்பது பேர் சாப்பிடாமல் வந்து நிற்கிறார்கள், சர்க்கரை பார்க்க வெறும் வயிறு வேண்டுமே. கம்ப்யூட்டர் பேசினால்தான் ரத்தம் பிடிக்கும் குழாயில் ஒட்டும் சீட்டு வரும், சீட்டு வந்தால்தான் ரத்தம் எடுக்கலாம்.

கௌதம் சார் நம்பர் கொடுக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்தார். இன்றைக்கு யார் யாருக்கு நம்பர் போயிருக்கிறது என்று அதில் பட்டியல் இருக்கும். மறைமலை நகர் பேரில் ஒன்று கூட இல்லை. உடனே போனை எடுத்து, நீ இன்னும் மெஷினையே போடவில்லை, லேட்டாக வந்துவிட்டு என்னிடம் கதை சொல்கிறாய், சிஸ்டம் பொய் சொல்லாது என்று எஸ்தரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, இவர் கேட்டதாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த கடிதத்தைக் கையெழுத்துப் போடும் கட்டிலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

வரதன் சார் என்னிடம் இரண்டு புது ஒயரைக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் பாக்கியம்மா என்றார். என் முழுப் பெயர் தனபாக்கியம். கௌதம் சாருக்கு ஆயாம்மா.

செங்கல்பட்டு வண்டியைப் பிடித்துப் போனேன். கிளை வாசலில் முப்பது பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாம்மா, காலைலேந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல. ரத்தம் எடுக்கிறீங்களா, இல்ல அதுவா காஞ்சி போவட்டும்னு வுட்டுட்டீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், எல்லாருக்கும் சர்க்கரை கம்மின்னே எழுதிடு, கரெக்டாத்தான் இருக்கும் என்றார். பசியோடு இருக்கிறவர்களிடம் நெட்வொர்க் என்று சொல்லிப் பாருங்கள்.

எஸ்தர் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. எல்லா மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் அவளைக் கம்ப்யூட்டரில் வெறும் எழுத்தாக வரும் கறுப்புத் திரையைத் திறந்து மெஷினின் நம்பரைக் காட்டச் சொன்னேன். அதில் மற்றதெல்லாம் எனக்குப் படிக்க வராது, ஆனால் நாலு துண்டு எங்கே இருக்கும் என்று தெரியும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு. மூன்றாவது துண்டு நாலாக இருக்க வேண்டும்.

ஒன்று என்று இருந்தது.

அடுத்த மெஷின், ஒன்று. அதற்கடுத்தது, ஒன்று. மறைமலை நகரில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தாம்பரத்துத் தெருவின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தன. தாம்பரம் கொடுக்கவில்லை என்றால் இங்கேயே யாரோ கொடுத்திருக்க வேண்டும். அலமாரி மேலே பார்த்தேன். மூன்று டப்பா, மூன்றிலும் சந்தனம், மூன்றிலும் பச்சை விளக்கு. ஓரத்தில் இருந்தது அந்தப் பழைய வைஃபை டப்பா. அதற்கும் நம்பர் கொடுக்கத் தெரியும். வீடுகளில் அதன் வேலையே அதுதான். அது பாட்டுக்கு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி, பொட்டு வைத்து, ஒயரும் குத்தினால் சும்மா இருக்குமா. மெஷின்கள் நம்பர் கேட்டுக் கத்தியதும், வாசல் டப்பா தாம்பரத்துக்குப் போய்ச் சொல்லிப் பதில் வாங்கி வருவதற்குள், பக்கத்திலேயே இருந்த இது, கடையில் வாங்கியபோதே தனக்குள் இருந்த ஒன்றாம் தெரு நம்பரைக் கொடுத்துவிட்டது. யார் முதலில் கொடுக்கிறார்களோ அதை மெஷின் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு இந்தத் தெருவை விட்டு வெளியே போக முடியாது.

ஒயரை உருவினேன். மெஷின்களை அணைத்துப் போடச் சொன்னேன். மூன்றாவது துண்டு நாலு ஆனது. சீட்டு வர ஆரம்பித்தது. வாசலில் கை தட்டினார்கள், பசிக்கு அவ்வளவுதான் தெம்பு.

எஸ்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். நல்லவேளை அக்கா, நீங்கள் வந்தீர்கள் என்றாள். மூணு என்று சொன்னது யார் என்று அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பழைய டப்பாவை என் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டபோது நோட்டின் அந்தப் பக்கம் திரும்பவும் கண் முன்னால் நின்றது. மூணு வரி. மூன்றாவது வரியில் அடித்த கோடு இல்லை. அடித்த மாதிரி ஞாபகம் என்பது வேறு, அடிப்பது வேறு. ஊரப்பாக்கம் வருவதற்குள் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிட்டது. மெஷின் ஓடுகிறது, அவள் லேட்டாக வரவில்லை என்று தெரிந்துவிட்டது, இனிமேல் எதற்கு அதை வேறு சொல்ல வேண்டும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் அதை நானே நம்பியும் விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கௌதம் சார் எஸ்தரைத் தாம்பரத்துக்கு வரச் சொன்னார். அறையில் அவர், வரதன் சார், எஸ்தர். டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் வர வேண்டும் என்றார்கள். மேஜையில் ஒரு பக்கம் டப்பா, சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அந்தக் கடிதம்.

லேட் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன் என்று கௌதம் சார் ஆரம்பித்தார். ஒத்துக்கொண்டதற்கு ஈடாக வேறு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கழித்துக் கட்டிய சாதனத்தை யாரையும் கேட்காமல் இணைத்தது அதைவிடப் பெரிய தப்பாம். யார் குத்தியது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் எஸ்தர்.

"யாரைக் கேட்டுக் குத்துனீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்துக்கொண்டு, பூஜைக்கு எடுத்ததையெல்லாம் திரும்பக் குத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். இப்படிப் பொறுப்பில்லாமல் இருந்தால் நிரந்தரம் பண்ண முடியாது, ஒப்பந்தம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கடிதத்தை எடுத்து இழுப்பறையைத் திறந்தார்.

நோட்டில் தப்பே வராது என்று நாலு ஊரும் பேசிய பேச்சை நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்றால் பொய். நினைத்தேன். நினைத்து முடிக்கவும் அவர் இழுப்பறையை முழுக்கத் திறக்கவும் சரியாக இருந்தது.

"சார், மூணுன்னு சொன்னது நான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆயாம்மா, பாவம் பார்த்துப் பேசாதீங்க. இது டெக்னிக்கல் விஷயம். நீங்க சொன்னீங்கன்னு ஒரு கிளைப் பொறுப்பாளர் டப்பா குத்துவாங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்ளத்தான் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தப்பைப் பண்ணுகிற தகுதி எனக்கு உண்டு என்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. ஆறு வருஷம் நம்பர் கொடுத்தவள் சார் நான் என்றேன். என் ஸ்டாண்டு கதை அவருக்கும் தெரியும், யாருக்கு, டோக்கனுக்கா என்றார்.

வரதன் சார் எழுந்து வெளியே போனார். நோட்டோடு வந்தார். மறைமலை நகர்ப் பக்கத்தைத் திருப்பி மேஜையில் வைத்து, மூன்றாவது வரியின் மேல் விரலை வைத்தார். அவர் பேசியதைக் கேட்க கௌதம் சார் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"இந்த அம்மா சொன்னா குத்துவாங்க சார். அவங்க சொன்னா நானும் குத்துவேன். நாலு கிளையும் இதுவரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு."

கௌதம் சார் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக நம்பர், டிக், குறுக்கே கோடு, நம்பர், டிக், குறுக்கே கோடு. பத்துப் பன்னிரண்டு பக்கம் பார்த்திருப்பார். அப்படியானால் தப்பை யார் மேல் எழுதுவது என்று கேட்டார். நோட்டு என் பொறுப்பு என்று வரதன் சார் ஆரம்பித்தார். நோட்டு உங்களுடையது சார், அடிக்காமல் விட்டது நான் என்றேன். அவரும் நானும் ஒரு தப்புக்கு இப்படி அடித்துக்கொண்டதைப் பார்த்து கௌதம் சாருக்கே அலுத்துவிட்டது. கடிதத்தை மேஜைக்கு எடுத்து, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளை எடுத்து எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ எழுத ஆரம்பித்தார். ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் மெமோவில் முழுப் பெயரும் எழுத வேண்டியிருந்ததால், என் பெயர் என்ன என்று அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டார்.

மத்தியானம் எஸ்தரை வண்டி ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனேன். செங்கல்பட்டு வண்டி வர நேரம் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தோம். மெமோ இங்கிலீஷில் இருந்தது, அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆறு வரி. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கவனக்குறைவு என்று இருந்தது, எதிர்காலத்தில் என்று இருந்தது, எச்சரிக்கப்படுகிறீர்கள் என்று இருந்தது. நடுவில் ஒரு வரியில், கிளைகளின் நெட்வொர்க் பதிவேட்டுக்குப் பொறுப்பாளரான தாங்கள், என்று இருந்தது. அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். அந்த மெமோவை இன்றைக்கும் பீரோவில் பட்டுப்புடவைக்குள் வைத்திருக்கிறேன்.

அவள் தன் கடிதத்தையும் என் மெமோவையும் தனித்தனியாக மடித்தாள். அப்புறம்தான் கேட்டேன், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று. எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள், வேலையே போனாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு நெகிழ்ச்சியோடுதான் கேட்டேன்.

"சொல்லியிருப்பேன்க்கா" என்றாள். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்ளோ நேரம் பார்த்திருப்பே?"

வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த டிராயரை அவர் மூடுற வரைக்கும்."